பீரோவில் பூட்டிய துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பூட்டியிருந்த வீட்டை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் டீக்கடையில் ஒரே விவாதம். அமெரிக்காவில் கென்னசா என்கிற ஊரில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் திருட்டு அடங்கிவிட்டதாமே? இங்கேயும் லைசென்ஸைத் தாராளமாகக் கொடுத்தால் திருடன் பயப்படமாட்டானா? வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கிய பிறகுதானே வெள்ளைக்காரன் பயந்தான் என்றார் ஒரு பெரியவர்.

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: பூட்டியிருந்த வீடு. வாசலில் கோலம் இல்லை, பால் பாக்கெட் எடுக்காமல் கிடக்கிறது, இரண்டு நாளாக விளக்கு எரியவில்லை. இதைப் பார்க்கத்தான் திருடன் தெருவைச் சுற்றுகிறான். ஆளில்லாத வீட்டில் துப்பாக்கி யாரை மிரட்டும்? நகையோடு சேர்ந்து அதுவும் போகும். செயின் பறிப்புக்கும் அது உதவாது. பைக்கில் பின்னால் வருகிறவன் இழுத்துக்கொண்டு போக இரண்டு மூன்று விநாடி போதும்.

கென்னசா சட்டம் 1982இல் வந்தது. அப்போது அங்கே சுமார் 5,000 பேர். மனசாட்சிக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு அதிலேயே விலக்கு உண்டு. அவ்வளவு சிறிய ஊரில் திருட்டு எண்ணிக்கையே கொஞ்சம்தான். ஒரு வருடம் சற்றுக் கூடி அடுத்த வருடம் குறைந்தாலே சதவீதக் கணக்கில் பெரிய சரிவாகத் தெரியும்.

நாடு முழுக்கப் பார்த்த ஆய்வுகளில் ஜான் லாட், டேவிட் மஸ்டார்ட் இருவரும் 1997இல், துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல எளிதாக அனுமதி தந்த மாநிலங்களில் வன்குற்றம் குறைந்தது என்றார்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு அந்தத் தரவுகளை அலசி, கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2004இல் அறிக்கை தந்தது. 2019இல் ஜான் டோனஹியூவும் சகாக்களும் செய்த கணக்கு நேர்மாறானது: அப்படி எளிதாக அனுமதி தரும் சட்டம் வந்து பத்து வருடத்தில், வராமலிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம் அதிகம்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 1980களில் அமெரிக்கச் சிறைகளில் கைதிகளைக் கேட்டபோது, எதிராளியிடம் துப்பாக்கி இருக்கும் என்று நினைத்து ஒரு முறையாவது பின்வாங்கியதாக ஐந்தில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். ஆக, பயம் பொய்யில்லை. ஆனால் பயந்தவன் தொழிலை விடுவதில்லை. வேறு வீட்டைப் பார்ப்பான், அல்லது தானும் ஒரு துப்பாக்கியோடு வருவான். நம்மூரில் கடப்பாரையோடு வருகிறவன் கையில் அது வந்தால் தேவலையா?

பெரியவர் கோட்டையை இழுத்தது நல்லதாயிற்று. 1806 ஜூலை 10, விடிவதற்கு முன் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். உள்ளே 69ஆவது ரெஜிமெண்டின் வெள்ளைச் சிப்பாய்கள் நான்கு கம்பெனி இருந்தார்கள். துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை, பயிற்சிக்கும் பஞ்சமில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நூற்றுக்கும் மேல் செத்தார்கள். தப்பி மதில்மேல் ஏறியவர்களுக்குத் தோட்டா தீர்ந்துபோக, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளை அதிகாரி குதிரைப்படையோடு வந்துதான் காப்பாற்றினார். நேரத்தைத் தேர்ந்தெடுப்பவன் தாக்க வருகிறவன்.

அதையே உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி. முறைப்படி வைத்தால் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டால் சாவி தேட வேண்டும், குழலை மடக்கித் திறந்து இரண்டு தோட்டா போட்டு மூட வேண்டும், இருட்டில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்று நிரப்பித் தலைமாட்டில் வைத்தால், பகலெல்லாம் அது பேரப்பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலை. பாதிக்கும் மேல்! நம் பக்கத்தில் கோபத்தில் பூச்சிமருந்து குடித்தவரை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கொண்டு ஓட நேரமாவது கிடைக்கிறது, பலர் பிழைக்கிறார்கள். துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிறவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் பிழைப்பதில்லை.

சட்டமும் பலர் நினைப்பதுபோல் முழுக்கக் கதவடைக்கவில்லை. 1959ஆம் வருடப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே, பாதுகாப்புக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கியும், பயிர்க் காவலுக்கு குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் கேட்க வழி இருக்கிறது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு விண்ணப்பம், போலீஸ் விசாரணை அறிக்கை, கையாளும் பயிற்சிச் சான்று. 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் 5 வருடம், ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கத்து விவசாயிகளுக்கு ஒன்று: பயிர்க் காவல் லைசென்ஸ் பன்றியைச் சுட அனுமதி ஆகாது, அது வனத்துறை விவகாரம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, இருட்டியபின் வீடு உடைத்து நுழைகிறவனுக்கு எதிரான தற்காப்பு அவன் உயிர் போகும் அளவுக்கும் போகலாம் என்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற கட்டு அதற்கும் உண்டு. சுவரேறி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான்.

வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ராத்திரி ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். பால் பாக்கெட்டை எடுக்கவும் சாயங்காலம் விளக்குப் போடவும் எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.