ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே பிரேக் பேட் போதுமா?

கேள்வி: டொயோட்டா 86 வைத்திருக்கிறேன். தினமும் வேலைக்குப் போவதும் அதில்தான். வருடத்தில் ஓரிரு தடவை களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த ரேஸ் ட்ராக்கில் ஓட்ட விருப்பம். கடையில் ரேஸ் பேட் ஒன்றைக் காட்டி, "ரோட்டுக்கும் இதையே போடலாம்" என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கல்லடி)

பதில்: வாங்க வேண்டாம். முதலில் பார்க்கவேண்டியது பேட்டின் பெயரையல்ல, உங்கள் பிரேக் எவ்வளவு சூடேறும் என்பதைத்தான். கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிவரை ஏற்ற இறக்கம் என்று எதுவும் இல்லை. சந்திக்குச் சந்தி மிதித்தாலும் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும், பேட் இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தட்டு) பெரும்பாலும் 200 பாகை செல்சியஸுக்குள்தான் நிற்கும். ட்ராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் வளைவுக்கு முன் அழுத்தி மிதிக்கும்போது அதே டிஸ்க் 500ஐத் தாண்டலாம். ரேஸ் பேட் அந்தச் சூட்டுக்கென்றே செய்தது. காலையில் வீட்டிலிருந்து எடுத்த காருக்கு முன்னால் ஆட்டோ ஒன்று சடாரென்று திரும்பினால், ஆறிக் கிடக்கும் ரேஸ் பேட் உடனே பிடிக்காது. ஆறிய நிலையில் அது டிஸ்க்கை அரம் போல அராவும், கீச்சிடும். அதிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் கடற்காற்றில் துருப்பிடித்து ரிம்மில் ஒட்டிக்கொள்ளும்.

சாதாரண ரோட்டுப் பேட்டோடு ட்ராக்குக்குப் போனால் பிரச்சினை வேறு. 350, 400 பாகையைத் தாண்டினால் அதைப் பிணைத்திருக்கும் பிசின் எரிந்து வாயு கக்கும். பெடல் இறுக்கமாகவே இருக்கும், கார் நிற்காது.

உங்களுக்குப் பொருந்துவது இரண்டுக்கும் நடுவிலுள்ள வகை. ஃபெரோடோ டிஎஸ்2500 அப்படியானது. எண்ட்லெஸ், புரொஜெக்ட் மியூ நிறுவனங்களும் இந்த வகையைச் செய்கின்றன. ரோட்டு ரயரோடு, 15 நிமிடம் ஓடி ஆறவிட்டு மறுபடி ஓடுகிறவருக்கு இது தாராளம், வருடம் முழுக்கக் கழற்றாமலே வைத்திருக்கலாம். கொஞ்சம் சத்தமும் கூடுதல் கறுப்புத்தூளும் வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். செமி-ஸ்லிக் ரயருக்கு (ட்ராக்குக்கென்றே செய்த, பிடிப்புக் கூடிய ரயர்) மாறுகிற நாளில் இரண்டு செட்டாக வாங்குங்கள். ரோட்டுப் பேட்டோடு மஹியங்கனை வளைவுகளை ஏறிப் போய், ட்ராக்கில் மாற்றி, திரும்புமுன் பழையதைப் போட்டுக்கொள்வதுதான் சரி. பின்னுக்கு மட்டும் முன்னைவிட வலுவான பேட்டை ஒருபோதும் போடாதீர்கள். மழை ரோட்டில், வளைவில் மிதித்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

ஜப்பானில் விற்ற 86இல் எல்லா மாடல் வகைக்கும் ஒரே அளவு பிரேக் அல்ல. "86க்கு ஒரு செட்" என்று கேட்காமல் சேசிஸ் இலக்கத்தைக் கொடுங்கள். முன் டிஸ்க்கின் விட்டத்தையும் அளந்து சொல்லுங்கள்.

பேட்டுக்குக் காசு எடுத்துவைக்குமுன் பிரேக் ஒயிலைப் பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வாவியோரத்து ஈரம் உங்களுக்குத் தெரியும். டொட் 4 என்ற தர ஒயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 பாகை, ஈரம் ஏறியபின் 155. கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் அடிவரை போய்விடும். ட்ராக்குக்கு முன் ஒரு லீற்றர் வாங்கி முழுவதையும் மாற்றுங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்றவை புதிதில் 312 பாகைவரை தாங்கும். எங்களைக் கேட்டால், முதல் ட்ராக் நாளுக்கு விலையுயர்ந்த பேட்டைவிட இதுதான் அவசியம். டொட் 5 என்று எழுதிய சிலிக்கன் ஒயிலை மட்டும் இதோடு கலக்கக்கூடாது.

கேள்வி: பேட்டின் ஓரத்தில் எஃப்எஃப், ஜீஜீ என்று எழுத்துகள் உள்ளன. ஜீஜீதான் ட்ராக்குக்கு நல்லதா? (வாசகர், கல்முனை)

பதில்: அந்த எழுத்துகள் உராய்வுக் குணகத்தை, அதாவது பேட் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவைச் சொல்பவை. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜீ 0.45 முதல் 0.55. முதலெழுத்து சாதாரண சூட்டுக்கும் இரண்டாவது கூடிய சூட்டுக்கும் உரியது. ஆனால் அந்தச் சோதனையின் உச்சச் சூடே ஏறத்தாழ 343 பாகைதான். 500இல் என்ன நடக்கும் என்பதற்கு அதில் விடையில்லை. ரோட்டுப் பேட்டுக்கு எஃப்எஃப் இருந்தால் நல்லது. இரண்டாம் எழுத்து முதலெழுத்தைவிடத் தாழ்ந்திருந்தால், எஃப்ஈ என்பதுபோல, சூட்டில் பிடிப்புக் குறையும் என்று பொருள். ட்ராக்குக்கு நிறுவனம் வெளியிடும் உராய்வு - வெப்ப வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதுப் பேட் போட்டபின் 100ஐத் தாண்டி பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்கிறார் கராஜ்காரர். (வாசகர், சம்மாந்துறை)

பதில்: பெரும்பாலும் வளைவதில்லை. பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். சூடான பிரேக்கை மிதித்தபடியே சிக்னலில் நின்றால் பேட்டின் அச்சு அப்படியே பதிந்துவிடும். புதுப் பேட்டைப் படிப்படியாகச் சூடேற்றி டிஸ்க்கோடு பழக்காமல் ஓட்டினாலும் இதுதான் நடக்கும்.

பழக்கும் முறை பேட்டுக்குப் பேட் மாறும், பெட்டியிலுள்ள தாளே முதல் வழிகாட்டி. தாள் இல்லையென்றால், ஆளில்லாத நேரான ரோட்டில் அதிகாலையில் 60இலிருந்து 10வரை மிதமாக எட்டு, பத்துத் தடவை குறையுங்கள். பிறகு 90இலிருந்து 20வரை கொஞ்சம் அழுத்தி ஆறேழு தடவை. முழுதாக நிறுத்தவே கூடாது. கடைசியில் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓடி ஆறவிடுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். டிஸ்க்கில் சீரான சாம்பல்நீலப் பூச்சு தெரியவேண்டும். திட்டு லேசாக இருந்தால் மறுபடி பழக்கினாலே போய்விடும். போகாவிட்டால் டிஸ்க்கைக் கடைச்சல் போட்டு மேற்பரப்பைச் சமப்படுத்துங்கள், ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே மட்டும் போகவேண்டாம்.

பேட் மாற்றும்போது, பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்குமுன் ஒயில் டாங்கியைப் பாருங்கள், நிரம்பி வழிந்தால் பெயின்ட் போய்விடும். சில கார்களில் பின் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே விடவேண்டும். வேலை முடிந்ததும் பெடல் இறுகும்வரை பம்ப் பண்ணியபின்பே காரை அசைக்கவேண்டும், இல்லையென்றால் முதல் மிதிக்குப் பிரேக்கே இராது.

கேள்வி: கடற்கரையில் வீடு. ஒருபக்கப் பேட் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. (வாசகர், காத்தான்குடி)

பதில்: பேட்டைப் பிடித்திருக்கும் கலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின் உப்பில் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, ரப்பருக்குப் பாதகமில்லாத சிலிக்கன் பிரேக் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். உங்கள் இடத்தில் ஆறு மாதத்துக்கொரு தடவை இதைச் செய்வது நல்லது. பேட்டின் முதுகுத் தகட்டையும் பாருங்கள். தகட்டுக்கும் பேட்டுக்கும் நடுவில் துரு ஊதி வெடிப்புக் காட்டினால், தடிப்பு எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடவேண்டும், பேட் தனியே கழன்று விழும். ரோட்டில் 3 மில்லிமீற்றரில் மாற்றலாம். ட்ராக்குக்குப் புதிதில் இருந்ததில் பாதியாவது இருக்கவேண்டும், மெலிந்த பேட் சூட்டை நேரே ஒயிலுக்குக் கடத்தும். தூளை எயார் அடித்துப் பறக்கவிடாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: துளையிட்ட டிஸ்க் போடலாமா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: ட்ராக்குக்கு வேண்டாம். துளையைச் சுற்றி வெடிப்பு விழும். துளையில்லாத டிஸ்க்கே போதும்.

கேள்வி: பிராண்ட் பேட் என்று வாங்கியது போலி போலத் தெரிகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (வாசகர், வாழைச்சேனை)

பதில்: பெட்டியிலுள்ள பார்ட் இலக்கமும் பேட்டின் முதுகில் உள்ளதும் ஒத்துப்போகிறதா, அச்சு மங்கலா, நான்கு பேட்டும் ஒரே தொகுதி இலக்கமா என்று பார்த்துப் படம் எடுத்துவையுங்கள். காரில் போட்டு ஓட்டிப்பார்க்க வேண்டாம். பிறகு பற்றுச்சீட்டின் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும். பற்றுச்சீட்டில் "பிரேக் பேட் 1" என்று மட்டும் எழுதியிருந்தால், கடைக்குப் போய் பிராண்டையும் பார்ட் இலக்கத்தையும் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.