வராத எண்ணெயை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் வேலை பார்க்கும் சிறிய, ஏழை நாட்டில் கடலடியில் எண்ணெய் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியே வர இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆகுமாம். அதற்குள் அந்த எண்ணெயைக் காட்டிக் கடன் வாங்கிச் சாலையும் பள்ளிக்கூடமும் கட்டலாம் என்கிறது அரசு. நார்வே போல எல்லாவற்றையும் சேமிக்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் ஆசிரியர் சங்கம் எந்தப் பக்கம் நிற்பது?

பதில்: முதலில் அந்தக் கடனை நிறுத்தச் சொல்லுங்கள். சேமிப்பா, செலவா என்பதைப் பணம் வரும்போது பேசிக்கொள்ளலாம். கையெழுத்தாகிவிட்ட அடகுப் பத்திரத்தை மீட்பது லேசில் நடக்காது.

கணக்கு எளிது. பீப்பாய் 100 டாலருக்கு விற்கும்போது 100 கோடி டாலர் வாங்குகிறார்கள். வட்டியை விட்டுவிட்டால், 1 கோடி பீப்பாய் கொடுத்தால் கடன் தீரும். விலை 30 டாலருக்கு இறங்கினால் அதே கடனுக்கு 3 கோடிக்கும் மேல் கொடுக்க வேண்டும். அரசின் கை வறண்டிருக்கும் அதே நேரத்தில் கடன்காரருக்கு அதிக எண்ணெய் போகும். சாட் நாடு 2013, 2014இல் ஒரு வணிக நிறுவனத்திடம் இப்படித்தான் வாங்கியது. 2014 நடுவில் 100 டாலரைத் தாண்டியிருந்த விலை 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே போனது. சம்பளம் கேட்டு அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டியதாயிற்று.

இந்தக் கடன்களைக் கொண்டுவருபவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். 'நிதி ஆலோசகர்' என்று வருவார்கள். அவர்களுடைய கமிஷன் பெரும்பாலும் கடன் கையெழுத்தாகும்போதே கைக்குப் போய்விடும். எண்ணெய் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? மொசாம்பிக்கைப் பாருங்கள். பெரிய எரிவாயு வயல் கிடைத்த உற்சாகத்தில் 2013, 2014இல் சூரை மீன்பிடிப் படகுகளுக்கும் கடலோரக் காவலுக்கும் என்று 200 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்கே தெரியாது. 2016இல் விஷயம் வெளிவந்ததும் உதவி செய்துவந்த நாடுகள் பணத்தை நிறுத்தின. படகுகள் துறைமுகத்தில் துருப்பிடித்தன. அந்த வயல்களிலிருந்து முதல் எரிவாயுக் கப்பல் கிளம்பியதோ 2022 நவம்பரில்! இத்தனை நடந்த பிறகும் 'வணிக ரகசியம்' என்று சொல்லி ஒப்பந்தங்களைப் பூட்டி வைக்க விடுகிறார்கள். சர்வதேச அமைப்புகள் கடன் மூழ்கிய பிறகு வந்து சிக்கனம் போதிக்கின்றன. கையெழுத்துக்கு முந்தைய நாள் வந்திருக்கலாமே என்று எத்தனையோ முறை மனம் வெதும்பியிருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எண்ணெயை ஈடாகக் கேட்காத, வட்டி குறைந்த நீண்ட காலக் கடனை உலக வங்கி போன்ற இடங்களில் வாங்கலாம். அதற்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வராவிட்டாலும் இப்போதைய வரிப்பணத்தில் இந்தக் கடனை அடைக்க முடியுமா? முடியும் என்றால், நாடாளுமன்றம் தொகையைப் பார்த்து வாக்களித்திருந்தால், வாங்கட்டும். எண்ணெய் வந்தால்தான் அடைக்க முடியும் என்றால், பத்திரத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அதுவும் அடகுதான். முடியுமா என்பதற்கு வாய்வார்த்தை போதாது. நிதியமைச்சகம் எழுத்தில் தர வேண்டும்.

நார்வே யோசனை உங்களுக்குப் பொருந்தாது. அங்கே 1971இலேயே எண்ணெய் வரத் தொடங்கியது. எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்கும் நிதியத்தில் முதல் பணம் போட்டது 1996இல். பள்ளியும் மருத்துவமனையும் முன்பே இருந்த நாடு அது. தடுப்பூசிக்குக் காசில்லாத இடத்தில் எல்லாவற்றையும் வெளிநாட்டுப் பங்குகளில் பூட்டி வைப்பது நியாயமில்லை. கானாவின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கு நெருக்கமானது: எதிர்பார்க்கும் எண்ணெய் வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பட்ஜெட்டுக்கு எடுக்கக் கூடாது, மிச்சம் விலை சரியும் காலத்துக்கும் அடுத்த தலைமுறைக்கும்.

நீங்கள் இருக்கும் நாடு, சுரங்க, எண்ணெய் வருமான வெளிப்படைத்தன்மைக்கான சர்வதேச முன்முயற்சியில் உறுப்பினரா என்று பாருங்கள். உறுப்பு நாடுகள் 2021 ஜனவரி 1 முதல் கையெழுத்தான எண்ணெய் எடுக்கும் ஒப்பந்தங்களை வெளியிட்டாக வேண்டும். கடன் பத்திரத்தையும் சேர்த்தே கேளுங்கள். கிடைத்தால் ஈடு பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்: எண்ணெய் விற்ற பணம் முதலில் எந்த நாட்டு வங்கியில், யார் பெயரில் உள்ள கணக்கில் விழுகிறது என்பது அங்கேதான் இருக்கும்.