4294967297 என்ற எண்ணுக்கு அப்படி என்ன விசேஷம்? அது பகா எண்ணா?

பகா எண் இல்லை. 641 × 6700417 என்று இரண்டாக உடையும். அந்த இரண்டும் பகா எண்கள், அதற்கு மேல் உடைக்க முடியாது. ஆனால் இதைக் கண்டுபிடிக்கத் தொண்ணூறு வருடங்களுக்கு மேல் ஆனது.

பார்க்கத் தாறுமாறாக இருந்தாலும் இது வெறும் 2³² + 1 தான். 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்து வருவது: ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும். முதல் ஐந்தும் பகா எண்கள். அதனால் வரிசை முழுக்கவே அப்படித்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் ஆறாவது எண்ணிலேயே அந்த நம்பிக்கையைக் கவிழ்த்துவிட்டார்.

எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இதை நிரூபித்தவரும் ஆய்லர்தான். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் அகப்பட்டுவிடும்.

பெருக்கிப் பார்க்காமலே 641 இதை வகுக்கும் என்று காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. அப்புறம், 641 = 5⁴ + 2⁴ என்பதும் உண்மை. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியே இல்லாமல் வகுபடும். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒன்று குறைந்தால் 2³²: இணையத்தில் கணினிகளுக்குத் தரப்படும் ஐபிவி4 (IPv4) முகவரிகளின் மொத்த எண்ணிக்கை. (இந்த எண்ணைச் சோதிக்க நான் முதலில் எழுதிய நிரல் விடை 1 என்றது. 2³² − 1 வரை மட்டுமே கொள்ளும் 32 பிட் மாறியில் போட்டிருந்தேன், நிரம்பி வழிந்துவிட்டது.) இரண்டு குறைந்தால் 4294967295, அதாவது 3 × 5 × 17 × 257 × 65537. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பல்கோணங்களில் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். வரைந்தால் வட்டமாகத்தான் தெரியும், அது வேறு விஷயம்.

நீங்களே நிரல் எழுதிச் சோதிப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். ஃபெர்மாவின் சிறிய தேற்றம் சொல்வது: p பகா எண்ணானால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் p − 1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1. அதை 2-ஐ அடியாக வைத்துப் போட்டால் இந்த எண் பகா எண் மாதிரியே தேறிவிடும். 3-ஐ வைத்தால் மாட்டிக்கொள்ளும். 32 முறை வர்க்கம் எடுத்து மீதி கண்டால் போதும். கையால் செய்தாலும் சில நாள் வேலை, அதுவும் ஃபெர்மாவின் சொந்தத் தேற்றம். ஏனோ அவர் போட்டுப் பார்க்கவில்லை, அல்லது எங்கோ பெருக்கலில் தப்புவிட்டார்.