புக்கெட்டில் இறங்கி மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு: நுகர்வோர் கேள்வி-பதில்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல்களில் லீவுக்குப் போகும் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இந்த வாரம். அநேகமாக எல்லாமே தாய்லாந்தின் புக்கெட் தீவில் கப்பல் நிற்கும் நாளில் போகும் ஸ்நார்க்கெலிங் பற்றியவை, அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மட்டத்தில் மிதந்தபடி மீன் பார்ப்பது. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பிள்ளைகளுக்கு 6 வயது, 10 வயது. கணவருக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது. "நான்கு தீவு, ஸ்பீட்போட், மதிய உணவுடன்" என்று ஒரு பேக்கேஜ். "ஒரே தீவு, அரை நாள்" என்று இன்னொன்று. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு தீவுதானே லாபம்? (வாசகி, தாம்பரம்)

பதில்: இல்லை. தீவுகளை எண்ணி விற்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். நான்கு தீவு என்றால் நான்கு முறை நங்கூரம், நான்கு முறை ஏணியில் வரிசை, நான்கு முறை ஈர மாஸ்க்கைப் பிள்ளை முகத்தில் மாட்டுவது. நோட்டீஸில் ஓர் இடத்துக்கு நாற்பது நிமிடம் என்று போட்டிருப்பார்கள். உங்கள் சின்னவருக்கு மாஸ்க் சரியாகப் பொருந்தவே அதில் கால்வாசி போய்விடும். அவன் தண்ணீருக்குள் முகம் வைக்கத் துணிகிற நேரத்தில் கைடு விசில் அடிப்பார். மீதி நேரமெல்லாம் அலையில் குதித்துக் குதித்துப் போகும் ஸ்பீட்போட்டில்தான். நீங்கள் காசு கொடுத்தது மீன் பார்க்க, கிடைப்பது முதுகுவலி.

அதனால் எத்தனை தீவு என்று கேட்காதீர்கள். தண்ணீரில் மொத்தம் எத்தனை நிமிடம், ஒரு கைடுக்கு எத்தனை பேர், அவர் நம்மோடு தண்ணீரில் இறங்குவாரா, படகிலேயே உட்கார்ந்திருப்பாரா என்று கேளுங்கள். இதை எழுத்தில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளையும் நீச்சல் தெரியாத அம்மாவும் போகிற குடும்பத்துக்கு, கரையிலிருந்து நடந்து இறங்கக்கூடிய இடம்தான் சரி. கால் ஊன்றி நிற்க முடிந்தால் பயம் பாதி குறையும். புக்கெட்டின் சாலோங் படகுத்துறையிலிருந்து கோரல் தீவு ஸ்பீட்போட்டில் கால் மணி, இருபது நிமிடம்தான். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைத் தாண்டி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று. பெரியவர்களின் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிப் பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள். கரையிலேயே சோதித்துவிடுங்கள். ஜாக்கெட்டை மாட்டி, கொக்கிகளைப் போட்டு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்குங்கள். அது முகவாய் வரை, காது வரை ஏறி வந்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம். தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும், பிள்ளை கீழே நழுவும். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். "இதுதான் இருக்கு மேடம்" என்றால் பிள்ளையை இறக்காதீர்கள். கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை.

கேள்வி: கப்பல் காலை 9 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது. ஃபி ஃபி தீவு போய் வரலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். புக்கெட்டின் மேற்குக் கரையில் பாத்தோங் பக்கம் நங்கூரமிடும் கப்பலிலிருந்து சின்னப் படகில்தான் கரைக்கு வர வேண்டும், அதற்கே வரிசை. அங்கிருந்து புக்கெட்டின் கிழக்குக் கரைப் படகுத்துறைக்குச் சாலையில் முக்கால் மணி, பிறகு ஸ்பீட்போட்டில் ஒரு மணி. திரும்பும்போதும் இதே கணக்கு. எல்லோரோடும் சேர்ந்து போகும் டூர்கள் காலையிலேயே ஹோட்டல்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். உங்களுக்குத் தனிப் படகுதான் கிடைக்கும், அதன் விலையே வேறு.

கேள்வி: சென்னை ஏஜென்ட் ஒருவர் "மாயா பே-யில் ஸ்நார்க்கெலிங்" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, ஐந்து பேருக்குப் பணம் வாங்கினார். அங்கே போனால் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. போதாக்குறைக்கு தேசியப் பூங்கா கட்டணம் தனியாகக் கட்டச் சொன்னார்கள். ஊர் திரும்பிக் கேட்டால், "இடத்தைக் காட்டினோம் இல்லையா" என்கிறார். அம்மா, அப்பாவுக்கு ஆசையாகச் சேர்த்த பணம். (வாசகர், மதுரை)

பதில்: படிக்கவே வருத்தமாக இருந்தது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஃபி ஃபி தீவுகளில் உள்ள மாயா பே விரிகுடாவைப் பவளப்பாறைகள் அழிந்துவிட்டன என்று 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அப்போதிலிருந்தே அங்கே நீந்தத் தடை. படகும் அந்த விரிகுடாவுக்குள் நுழைய முடியாது, பின்பக்கமாக இறங்கி நடந்துதான் வர வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. பூங்கா கட்டணமும் அப்படித்தான். வெளிநாட்டவருக்குப் பெரியவர்களுக்கு 400 பாட் (தாய்லாந்து நாணயம்), குழந்தைகளுக்கு 200 பாட் என்பது ஊரறிந்த கணக்கு. அதை மறைத்தால் விலை குறைவாகத் தெரியும் என்றுதான் மறைக்கிறார்கள்.

வாட்ஸ்அப் உரையாடல், படம், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். முதலில் ஏஜென்ட்டுக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ், பதினைந்து நாள் அவகாசத்துடன். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் என்ற இரண்டையும் மனுவில் எழுதுங்கள். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: முகம் முழுவதையும் மூடும் ஸ்நார்க்கெல் மாஸ்க் ஆன்லைனில் மலிவாக வருகிறது. குழந்தைக்கு வாங்கலாமா? (வாசகி, பெட்டாலிங் ஜெயா)

பதில்: குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். மட்டமான தயாரிப்புகளில் நாம் வெளிவிட்ட காற்றே திரும்ப உள்ளே வரும். பதற்றம் வந்தால் சாதாரணக் குழாயைத் துப்பிவிடலாம். இதைப் பின்மண்டைப் பட்டையோடு கழற்ற வேண்டும். நான் வாங்கியதில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, தாடைப் பக்கம் தண்ணீர் கசிந்தது. திருப்பி அனுப்பினால், பயன்படுத்திய பொருள் என்று எடுக்க மறுத்துவிட்டார்கள். தண்ணீரில் இறங்காமல் அதன் குறை எப்படித் தெரியும்?

சாதாரண மாஸ்க்கே போதும். வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் ஒட்டி வைத்து, மூக்கால் மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்ததும் விழாமல் நின்றால் அதுதான் அந்த முகத்துக்கான அளவு.

கேள்வி: போன முறை தனியார் படகில் போனோம். கரைக்கு வந்ததும் கொஞ்சம் ஷாப்பிங். கப்பலுக்கான கடைசிப் படகு 4.30-க்கு. என் போனில் மணி 4.10 காட்டியபோது துறைக்கு வந்தோம், போய்விட்டது என்றார்கள். கப்பல் நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்கலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: கேட்க முடியாது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். உங்கள் போன் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டது, கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடியது. கப்பலில் அப்போது மணி 5.10. தினமும் கேபினுக்கு வரும் தாளில் கப்பல் நேரம் என்று போட்டிருக்கும். அதைப் படிக்காமல், கடைசி அரை மணியில் ஷாப்பிங் போனதற்கு யார் நஷ்டஈடு தருவார்கள்?

மற்றவர்களுக்கு: கப்பலில் விற்கும் டூர் விலை கூடுதல்தான். ஆனால் அந்தப் படகு தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்க்கும். தனியாரிடம் போனால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. இரண்டு மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு திரும்புங்கள்.

கேள்வி: என் கணவருக்குப் பெரிய மீசை. மாஸ்க்கில் தண்ணீர் புகுமா? (வாசகி, திருச்சி)

பதில்: புகும். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவுக்கு மழித்துக்கொண்டால் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டும்.

கேள்வி: ஜூன் லீவில் போனோம். அலை அதிகம் என்று கப்பல் புக்கெட்டில் நிற்கவே இல்லை. வெளியே புக் செய்த ஸ்நார்க்கெலிங் பணத்தை "நீங்கள்தான் வரவில்லை" என்று தர மறுக்கிறார்கள். (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: அநியாயம். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குக் கரை கொந்தளிக்கும். நம் பிள்ளைகளுக்கு லீவு விடுவதும் அதே காலத்தில்தான். அந்த மாதங்களில் விற்கிறவர், கப்பல் நிற்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப என்று எழுதித் தர வேண்டும். கப்பல் கொடுத்த அறிவிப்பைப் படமெடுத்து வைத்திருந்தால், கார்டு கொடுத்த வங்கியில் முதலில் முறையிடுங்கள். விற்றது சிங்கப்பூர் நிறுவனம் என்றால் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது, 20,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை.

ஆனால் கப்பல் நிற்காமல் போனதற்காக வருந்தாதீர்கள். 2018 ஜூலை 5 அன்று, வானிலை எச்சரிக்கை இருந்தும் கிளம்பிய சுற்றுலாப் படகு ஒன்று புக்கெட் அருகே கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு.

கேள்வி: சுடிதாரோடு இறங்கலாமா? சன்ஸ்கிரீன் எது வாங்குவது? (வாசகி, ஈரோடு)

பதில்: துப்பட்டாவும் தொளதொளப்பான பருத்தியும் நனைந்தால் கனக்கும், ஏணியில் சிக்கும். முழுக்கை நீச்சல் மேல்சட்டையும் லெக்கிங்ஸும் போதும், உடம்பு முழுக்க மூடும், வெயிலும் படாது. பிறகு முகத்துக்கும் கைக்கும்தான் சன்ஸ்கிரீன். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் உள்ளவற்றைத் தாய்லாந்து கடல் பூங்காக்களில் 2021 முதல் தடை செய்திருக்கிறார்கள், அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. ஜிங்க் ஆக்ஸைடு வகை வாங்குங்கள்.

கேள்வி: பினாங்கில் கப்பல் நிற்கும் நேரத்தில் பக்கத்துக் கரையிலேயே ஸ்நார்க்கெலிங் என்று ஒரு விளம்பரம். போகலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். பினாங்கைச் சுற்றியுள்ள கடல் கலங்கல், மாஸ்க் போட்டும் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்தில் தெளிந்த நீர் வேண்டுமென்றால் பாயார் தீவு, லங்காவிக்குத் தெற்கே. கப்பல் லங்காவியில் நிற்கிறதா என்று பார்த்து டிக்கெட் வாங்குங்கள்.