செல்பேசிக் குரல்தரத்தில் ஆராய்ச்சி: மகளை அனுப்பலாமா?

செல்பேசிக் குரல்தரத்தை ஆராய உங்கள் மகளை அனுப்பலாமா என்று எழுதியிருந்தீர்கள். செல்பேசியில் பேசுவது எப்போதோ முடிந்துபோன விஷயம், அதில் ஆராய இன்னும் என்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு குறுகிய துறையில் முனைவர் பட்டம் வாங்கினால் யார் வேலை தருவார்கள் என்றும் கவலைப்படுகிறீர்கள். முதல் எண்ணம் தவறு. இரண்டாவதில் பாதி நியாயம் உண்டு.

எண்முறைத் தொலைபேசியில் ஒரு குரலை அனுப்ப விநாடிக்கு 64 கிலோபிட் தரவு தேவைப்பட்டது. ஜிஎஸ்எம் என்ற செல்பேசித் தரம் அதை 13 ஆகக் குறைத்தது. பின்னர் வந்த ஏஎம்ஆர் என்ற குரல்சுருக்க முறை, சிக்னலின் நிலைக்கேற்ப 12.2 முதல் 4.75 வரை இறங்கிக் கொடுக்கும். குரல்நாணின் அதிர்வையும் வாய்க்குழியின் வடிவத்தையும் தனித்தனியே கணித்து, அந்தக் கணக்கை மட்டும் அனுப்புவதுதான் இதன் சூட்சுமம். 1985-இல் ஷ்ரோடர், பிஷ்ணு அடல் என்ற ஆராய்ச்சியாளர்கள் முன்வைத்த செல்ப் என்ற சுருக்க முறையில் ஒரு விநாடிப் பேச்சைச் சுருக்க, கிரே-1 சூப்பர் கணினிக்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அதன் வழிவந்த முறைகளே இன்று சட்டைப்பையில் இருக்கும் கருவியில் ஓடுகின்றன.

ஆனால் "ஹலோ, கேட்கிறதா?" என்று இன்றும் கத்துகிறோமே! 2014-இல் வந்த இவிஎஸ் என்ற குரல்சுருக்கத் தரம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது காது கேட்கக்கூடிய எல்லை வரை, ஒலியைக் கொண்டுசெல்லும். இரு முனைகளில் ஒன்று அதை ஏற்காவிட்டால் அழைப்பு பழைய தரத்துக்கு இறங்கிவிடும். குரலைத் துண்டுதுண்டாக ஏந்திவரும் பாக்கெட்டுகள் தொலைவதும் தாமதமாக வருவதும் தனித் தலைவலி.

இப்போது சுவையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குரலைச் சுருக்கி விரிக்கும் நிரலைக் கோடெக் என்பார்கள். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் நரம்பியல் வலைப்பின்னல் கோடெக்குகள் விநாடிக்கு 3 கிலோபிட்டிலேயே தெளிவாகப் பேசுகின்றன. பழைய கோடெக் தடுமாறினால் கரகரக்கும், நமக்குத் தெரிந்துவிடும். புதியது தடுமாறினால் தெளிவான குரலிலேயே ஓர் எழுத்தை மாற்றிச் சொல்லிவிடக்கூடும். தரத்தை மதிப்பிட 2001-இல் பெஸ்க், 2011-இல் போல்கா ஆகிய கணக்கீட்டு முறைகள் வந்தன. அவை இத்தகைய பிழைகளைப் பிடிக்க உருவானவை அல்ல. மனிதர்களை உட்காரவைத்து, கேட்கச்செய்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கும் பழைய முறை இன்னும் தேவைப்படுகிறது. என்னைக் கேட்டால், புதிய கோடெக் செய்வதைவிட இந்த அளவீட்டில்தான் இளம் ஆராய்ச்சியாளருக்கு அதிக இடம் இருக்கிறது.

வேலைக்கு வருகிறேன். கோடெக்கை மட்டுமே வடிவமைக்கும் குழுக்கள் உலகிலேயே குறைவு. ஆகவே ஆய்வேட்டின் தலைப்பு குறுகலாக இருக்கலாம், கற்பது குறுகலாக இருக்கக் கூடாது. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், எண்முறைச் சமிக்ஞைச் செயலாக்கம், சி மொழியில் நிரல் எழுதும் பழக்கம் ஆகியவை கைவந்தால் சிப் நிறுவனங்கள், செவித்துணைக் கருவிகள், இணையவழிக் கூட்டச் செயலிகள், பேச்சறிதல் எனப் பல கதவுகள் திறக்கும்.

மதிப்பெண் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஓபஸ் கோடெக் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் மகள் தன் குரலைப் பதிவுசெய்து, பல பிட் வேகங்களில் சுருக்கி, பாக்கெட் தொலைவதுபோல இடையிடையே 20 மில்லிவிநாடித் துண்டுகளை நீக்கிவிட்டுக் கேட்கட்டும். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது சலித்தால் இத்துறை வேண்டாம். ஏன் அப்படி ஒலிக்கிறது என்று தோண்ட ஆரம்பித்தால், முதலில் முதுகலை ஆய்வுத்திட்டமாக எடுக்கச் சொல்லுங்கள். முனைவர் பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெறியாளரிடம் இரண்டை மட்டும் கேளுங்கள்: ஆய்வகத்தில் மனிதர்களைக் கொண்டு கேட்டல் சோதனை நடக்கிறதா, முந்தைய மாணவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள்?