121 நாள் கணக்கு காணாமல் போனது: யாரிடம், எப்படி எழுதுவது?

கேள்வி: தினமும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் தமிழ் பிரவுசர் கேம் ஒன்றை ஐபேடில் ஆடுகிறேன். 121 நாள் விடாமல் ஆடியிருந்தேன். பத்து நாள் மகள் வீட்டில் தங்கியபோது அவளுடைய லேப்டாப்பில் ஆடினேன். திரும்பி வந்து பார்த்தால் ஐபேடில் எல்லாம் பூஜ்யம். மூன்று முறை எழுதிவிட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானாக வரும் பதில்தான் வந்தது. நாளுக்கு ஒரு புதிருக்குப் பதில் ஐந்து தரலாமே என்றும் கேட்டிருந்தேன். எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை

பதில்: கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், டீச்சர். அந்த 121 திரும்பி வராது. அவர்களுக்கு மனமில்லை என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணக்கு அவர்களிடம் இருந்திருக்கவே வாய்ப்பு குறைவு. லாகின் கேட்காத சின்ன கேம்களில் பெரும்பாலானவை உங்கள் ஸ்கோரைத் தங்கள் செர்வரில் வைப்பதில்லை. உங்கள் பிரவுசருக்குள்ளேயே ஒரு மூலையில் எழுதி வைக்கின்றன. வேறு பிரவுசரில் திறந்தால் அங்கே வேறு கணக்கு. மகளின் லேப்டாப்பில் போய்ப் பாருங்கள், 10 என்று ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும்.

சரி, ஐபேடில் இருந்தது எங்கே போனது? நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டில் யாராவது அதில் செய்தி படிக்க சஃபாரியைத் திறந்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். 2020 முதல் சஃபாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரவுசர் புழக்கத்தில் இருந்தும் ஒரு தளத்தை மட்டும் 7 நாள் தொடவில்லை என்றால், அந்தத் தளம் எழுதி வைத்ததைத் துடைத்துவிடும். விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடர்வதைத் தடுக்க வந்த ஏற்பாடு. அதில் உங்கள் 121-உம் சேர்ந்து போயிருக்கும். தளத்தின் முகவரி மாறினாலும் இதே கதைதான். 2022 பிப்ரவரியில் 'வேர்டில்' (Wordle) என்ற ஆங்கிலச் சொல் விளையாட்டு அதன் பழைய முகவரியிலிருந்து நியூயார்க் டைம்ஸ் தளத்துக்கு மாறியபோது, சிலருடைய தொடர் கணக்கு அறுந்து பெரிய புலம்பலே நடந்தது.

இனி நீங்கள் எழுதியது. கேள்வியோடு அதையும் அனுப்பியிருந்தீர்கள்: 'என் ஸ்கோர் எல்லாம் அழிந்துவிட்டது. இத்தனை நாள் உழைப்பு வீண். உடனே சரிசெய்யவும்.' கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு பையன் உங்கள் மேஜைக்கு வந்து 'கணக்கு வரலை டீச்சர்' என்று நின்றால் என்ன கேட்டிருப்பீர்கள்? எந்தக் கணக்கு, எந்த வரி வரை சரியாக வந்தது என்றுதானே? கேம் செய்கிறவனுக்கும் அதுதான் வேண்டும். தன் மேஜையில் அதே கோளாறை வரவழைத்துப் பார்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. முடியாவிட்டால் மன்னிப்புக் கேட்பதோடு நின்றுவிடுவான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படி எழுதுவேன்:

'ஐபேட், சஃபாரி, லாகின் இல்லை. 3ஆம் தேதி வரை தொடர் 121 என்று காட்டியது. 4 முதல் 13 வரை இந்த ஐபேடில் ஆடவில்லை. வீட்டில் மற்றவர்கள் சஃபாரியைப் பயன்படுத்தினார்கள். 14ஆம் தேதி காலை திறந்தபோது தொடர், மொத்த ஆட்டம் இரண்டும் 0. பிரைவேட் டேப் அல்ல. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.'

இதைப் படிக்கிற டெவலப்பருக்குப் பாதியிலேயே காரணம் பிடிபட்டுவிடும். கணக்கை வெளியே எடுத்து வைக்க ஒரு பட்டன் வைக்கலாமா என்றும் யோசிப்பார்.

சின்ன விவரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் செய்த சொல் விளையாட்டு ஒன்றில் 'சரியான விடையைத் தப்பு என்கிறது' என்று மாதக்கணக்கில் புகார். எனக்கு ஒருமுறைகூட அப்படி வரவில்லை. ஒரு நாள் ஒரு அம்மா எழுதினார்: 'கொய்யா என்று போட்டேன். போனில் ஏற்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்கவில்லை. கம்ப்யூட்டரில் வேறு கீபோர்டு வைத்திருக்கிறேன்.' அந்தக் கடைசி வாக்கியம்தான் சாவி. 'கொ' என்பதைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளும். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக இருக்கலாம். அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று துண்டாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். நிரலுக்கு இரண்டும் வேறு சொல். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி சேர்த்தேன், புகார் நின்றது. (சாதாரணமாக எண்ணச் சொன்னால் 'கொய்யா'வை ஆறு எழுத்து என்றுதான் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி சொல்லும். அதற்குத் தொல்காப்பியம் யார் சொல்லிக் கொடுப்பது?)

'கேம் ரொம்ப வேகமாக ஓடுகிறது' என்ற புகாரும் அப்படித்தான். கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருவர் மட்டும் 'புது மானிட்டர், 120 ஹெர்ட்ஸ்' என்று சேர்த்திருந்தார். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறதோ அத்தனை முறை காயை நகர்த்தும்படி நான் எழுதியிருந்தேன். என் 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக ஓடியது அவருக்கு இரட்டை வேகம். ஆக, எந்தக் கருவி, எந்த பிரவுசர் என்பதைத் தயவுசெய்து விடாதீர்கள். கேம் திறந்ததும் சத்தம் வரவில்லை என்று மட்டும் எழுத வேண்டாம். எங்காவது ஒரு தட்டு தட்டும்வரை ஒலியை அடக்கி வைப்பது பிரவுசரின் வேலை.

அடுத்தது 'ஐந்து புதிர்' யோசனை. நான் அந்த இடத்தில் இருந்தால் மறுத்திருப்பேன். வேர்டிலை உருவாக்கிய ஜோஷ் வார்டில் வேண்டுமென்றேதான் நாளுக்கு ஒன்று என்று வைத்தார். எல்லோருக்கும் அன்று ஒரே சொல் என்பதால்தான் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிகிறது. விடைப் பட்டியலும் ஒரு காரணம். அவருடைய முதல் பட்டியலில் 2,315 சொற்கள். நாளுக்கு ஒன்று என்றால் ஆறு வருடத்துக்கு மேல் வரும். ஐந்து என்றால் 463 நாளில் காலி. தமிழில் விகுதி, வேற்றுமை ஒட்டாத, பலருக்கும் தெரிந்த சொல்லாகப் பொறுக்குவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் யோசனைக்குப் பின்னால் ஒரு ஆசை இருக்கிறதல்லவா, அதை எழுதுங்கள். 'காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது, இன்னும் கொஞ்ச நேரம் ஆட ஆசையாக இருக்கிறது.' இப்படி வந்தால், பழைய புதிர்களைத் திறந்துவிடலாமே என்று கேம் செய்தவருக்கே தோன்றும். புதுச்சொல் ஒன்றுகூடச் செலவாகாது. பட்டனின் நிறம், இடம் எல்லாம் நீங்கள் வரைந்து கொடுக்க வேண்டியதில்லை. எங்கே சலித்தது, எங்கே தடுக்கியது என்பதுதான் எங்களுக்குத் தெரியாதது.

வேர்டிலின் பச்சை, மஞ்சள் கட்டங்களைப் பகிரும் வசதியும் அப்படி வந்ததுதான். நியூசிலாந்தில் ஆடியவர்கள் தங்கள் ஆட்டத்தைக் கட்டம் கட்டமாக எமோஜியில் கையால் தட்டிப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அதைக் கவனித்த வார்டில் 2021 டிசம்பரில் அதற்கு ஒரு பட்டன் வைத்தார்.

எங்கே அனுப்புவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். நூற்றுக்கணக்கான கேம்கள் உள்ள தளங்களில், தளம் ஒருவருடையது, கேம் இன்னொருவருடையது. தளத்தின் பொதுப் படிவத்தில் எழுதினால் கேம் செய்தவருக்குப் போகாமலே நின்றுவிடலாம். கேமுக்குக் கீழே செய்தவர் பெயர் இருக்கும். அவருடைய சொந்தப் பக்கத்தைத் தேடி எழுதுங்கள். 2048 என்ற எண் விளையாட்டைப் போல மூல நிரலைத் திறந்து வைத்தவர்களாக இருந்தால், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலேயே பிழையைப் பதியலாம். எரிச்சலூட்டும் விளம்பரம் என்றால் மட்டும் தளத்துக்கே எழுதுங்கள், எந்த விளம்பரம் வரும் என்பது பெரும்பாலும் கேம் செய்தவர் கையில் இல்லை. ஒரு கடிதத்தில் ஒரே விஷயம் இருக்கட்டும். உங்கள் 121-உம் ஐந்து புதிரும் ஒரே கடிதத்தில் போனால் இரண்டாவதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஸ்கிரீன்ஷாட்டின் மேல் ஓரத்தில் வங்கிச் செய்தியோ ஓடிபியோ தெரிந்தால் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்கு மறுமொழியாக ஒரு வரி போதும். தனித்தனியாக மூன்று மெயில் அனுப்பினால் மூன்று தனிப் புகாராக வரிசையில் போய் நிற்கும்.

அப்புறம், புதுக் கணக்குக்கு ஒரு ஏற்பாடு. சஃபாரியில் அந்த கேமைத் திறந்து, பகிர் பட்டனைத் தட்டி, முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி அந்த ஐகான் வழியாகவே ஆடுங்கள். அதன் கணக்கு சஃபாரியிலிருந்து தனி, மற்றவர்கள் செய்தி படிப்பது அதைப் பாதிக்காது. அங்கே 0-விலிருந்துதான் தொடங்கும் என்பதால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். மாதம் ஒரு முறை கணக்குப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், அடுத்த முறை எழுதும்போது இணைக்கவும் ஒன்று கையில் இருக்கும்.