மருத்துவ இயற்பியல்: எந்தக் கல்லூரி? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். மருத்துவ இயற்பியலில் முதுகலை படிக்க அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கிறேன். இடம் கிடைக்காவிட்டால் கடன் வாங்கியாவது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்கிறார். தேசியத் தரவரிசையில் அது முன்னணியில் இருக்கிறது. அதை நம்பிச் சேரலாமா?

ம., தென்காசி

அன்புள்ள ம.,

தரவரிசையை நம்பிச் சேர வேண்டாம். அந்தப் பட்டியல் ஒரு பல்கலைக்கழகத்தை மொத்தமாக எடை போடுகிறது; அங்குள்ள மருத்துவ இயற்பியல் மாணவர் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுக்குள் எத்தனை நாள் நின்றார் என்பது அதில் வராது. இந்தத் துறையில் உங்களுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்திருக்கும் தகுதியைப் பொறுத்தது. பட்டத்தோடு, நல்ல வசதியுள்ள கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 12 மாதப் பயிற்சியையும் வாரியம் கேட்கிறது. ஆகவே, அந்தப் படிப்பை வாரியம் ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு, சென்ற ஆண்டு படிப்பை முடித்தவர்கள் எந்தெந்த மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றார்கள் என்று துறைத்தலைவரிடமே கேளுங்கள். மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லத் தயங்கும் கல்லூரிக்கு உங்கள் அப்பா கடன் வாங்கிப் பணம் கட்டக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பயிற்சியை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரப் பயன்படும் லினாக் இயந்திரம் தரும் கதிர்வீச்சின் அளவைச் சரிபார்க்க, நீர்த்தொட்டியில் 10 செ.மீ. ஆழத்தில் 0.6 கன செ.மீ. கொள்ளளவுள்ள சிறிய அயனிச் சேம்பரை (கதிர்வீச்சு பட்டால் உள்ளிருக்கும் காற்றில் மின்னூட்டம் உண்டாகும் சிறு அறையை) நிறுத்தி, அதன்மேல் கதிரைச் செலுத்தி, அந்த மின்னூட்டத்தை எலக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் அளவெடுப்போம். அந்தச் சேம்பர் வெளிக்காற்றோடு தொடர்புள்ளது. வெப்பநிலையும் காற்றழுத்தமும் மாறினால் அதனுள்ளே இருக்கும் காற்றின் நிறையும் மாறிவிடும் என்பதால், இரண்டையும் அளந்து திருத்தக் காரணியைப் போட்டாக வேண்டும். தண்ணீர் 25 டிகிரியில் இருக்கும்போது 20 என்று எழுதிவிட்டால் முடிவில் ஏறக்குறைய 1.7 விழுக்காடு பிழை வரும். அதை நம்பி இயந்திரத்தைத் திருத்தினால், அடுத்த நாளிலிருந்து அதில் படுக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தப் பிழை போய்ச் சேரும். சமன்பாடு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தொட்டியைச் சமமட்டத்தில் வைப்பதும், வெப்பமானி நிலைகொள்ளும்வரை காத்திருப்பதும், வந்த எண்ணைச் சந்தேகிப்பதும் மூத்தவர் ஒருவர் அருகில் இருந்து சொல்லித்தந்தால்தான் கைவரும். சொந்தமாக லினாக் இல்லாத கல்லூரியை அதற்காகவே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மாணவர்களை வாரத்தில் எத்தனை நாள் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே அவர்கள் கருவிகளைக் கையாளுகிறார்களா, கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களா என்பதை இப்போது அங்கே படிப்பவர்களிடம் விசாரியுங்கள்.

நீங்கள் விண்ணப்பிக்கும் இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரிதான் கதி என்று நினைக்க வேண்டாம். எம்.எஸ்சி. இயற்பியலை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவர்களுக்காக மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் 1962-இலிருந்து கதிரியல் இயற்பியலில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்திவருகிறது. நாட்டின் மூத்த மருத்துவ இயற்பியலாளர்களில் பலர் அங்கே படித்து வந்தவர்கள். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. படிப்பு முடிந்தபின் அந்தப் பயிற்சி ஆண்டும் உண்டு. ஓராண்டு கூடுதலாகப் போகும் என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் வீட்டு நிலையில், பெருங்கடனைவிட இந்த வழியே எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது. ஆகவே, மருத்துவ இயற்பியல் விண்ணப்பங்களோடு எம்.எஸ்சி. இயற்பியலுக்கும் இந்த ஆண்டே விண்ணப்பித்து வையுங்கள்.